மைக்கூடத்துக்குப் போன வெண்குடை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்யத்தில், மைப்பித்துப் பிடித்த ஒரு ராஜா இருந்தார். அவருடைய கட்டளைகளை எழுதும் மை அமாவாசை இருட்டைவிடக் கறுப்பாக இருக்க வேண்டும். அதற்கென்றே அரண்மனைக்குப் பின்னால் ஒரு மைக்கூடம். உள்ளே எண்ணெய் விளக்குகள் ஓயாமல் புகையும். ஆட்கள் அந்தக் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். காற்று வந்தால் கரி பறந்துவிடுமே! ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள்.

மைக்கூடத்துக்கு அதிகாரி பிரதானி நரசப்பர். அதைச் சோதனை போடுகிறவர் அவருடைய மைத்துனர். கேட்கவா வேண்டும்! "குறை ஒன்றுமில்லை, உள்ளே ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை" என்று வருஷாவருஷம் சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் பேச்சாயி என்பவள் விகடகவி உலகப்பனிடம் வந்து அழுதாள்.

"ஐயா, எம் புருஷன் மாயாண்டி வீட்டுக்கு வந்தா ஓயாம இருமுறாரு. மைக்கூடத்துல மட்டும் மூச்சு விட மாட்டாரு. இருமினா வேலை போயிருமாம். இன்னும் கொஞ்ச நாள் அங்க இருந்தா ஆளு எனக்கு மிஞ்ச மாட்டாருய்யா."

உலகப்பன் இதைச் சபையில் சொன்னான். அவனைக் கண்டாலே நரசப்பருக்கு வயிறு எரியும். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மகாராஜா, யார் பக்கமும் சாயாத ஒருவரை விகடகவி அழைத்து வரட்டும். அவர் சோதித்துச் சொன்னால் தலைவணங்குகிறேன். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், விகடகவியே மைக்கூடத்தில் வேலைக்குச் சேரட்டும்!"

"நல்ல யோசனை!" என்றார் ராஜா. அவருக்கு எல்லாமே விளையாட்டு.

உலகப்பன் சுற்றிலும் பார்த்தான். சபையில் நரசப்பர் வீட்டு விருந்து சாப்பிடாதவர் ஒருவர்கூட இல்லை. தப்பிக்க வழி தேடிய கண், சிம்மாசனத்துக்கு மேலே போய் நின்றது.

"கிடைத்துவிட்டார் மகாராஜா! 'எப்பக்கமும் சாயாத வெண்கொற்றக் குடை' என்று புலவர்கள் தினமும் பாடுகிறார்களே, அந்தக் குடையே சோதிக்கட்டும்!"

மறுத்தால் பாட்டெல்லாம் பொய்யாகிவிடும். ராஜா குடையைக் கொடுத்தார்.

மைக்கூடத்துக் கதவு திறந்தது. புகைக்குள் ஆட்கள் தெரியவில்லை. கண்கள் மட்டும் தெரிந்தன. அத்தனை கண்கள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. உலகப்பன் கிட்டப் போனபோதுதான் தொண்டைகள் ஏறி இறங்குவதைப் பார்த்தான். இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மைத்துனரோ வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

உலகப்பன் குடையைத் தாழ்த்தினான். "இந்தப் பட்டுல வாயப் புதைச்சு இருமுங்கப்பா. வெளிய கேக்காது" என்றான் மெதுவாக.

யாரும் அசையவில்லை. பிறகு மாயாண்டி வந்தான். பட்டில் முகத்தை அழுத்தினான். முதுகு மட்டும் வெகுநேரம் குலுங்கியது. அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

மடக்கிய குடையோடு உலகப்பன் சபைக்குத் திரும்பினான்.

"குடை என்ன சொல்கிறது?" என்றார் ராஜா.

"குடைக்கு வாய் ஏது, மகாராஜா!" என்று சிரித்தபடி நரசப்பரே அதைப் பிடுங்கி விரித்தார்.

கரி அவர் முகத்தில் கொட்டியது. இருமத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளைப் பட்டு முழுக்க வாய்கள். கறுத்த, திறந்த வாய்கள். எல்லாம் அவரையே பார்த்துப் பேச வருவதுபோல் இருந்தன. நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு.

ராஜா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"அந்தச் சிவப்பு யாருடையது?"

"மாயாண்டி என்று ஒருவன், மகாராஜா. இன்னும் உள்ளேதான் இருக்கிறான்."

அந்த நிமிஷமே ஜன்னல் அடைப்புகளை இடிக்க ஆள் போயிற்று. மாயாண்டியை அரண்மனை வைத்தியரோடு பேச்சாயியிடம் அனுப்பினார்கள். நரசப்பருக்கும் மைத்துனருக்கும் கரி சுரண்டும் வேலை கிடைத்தது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"குடையை வெளுக்கப் போடாதீர்கள், மகாராஜா. அது போதும்."

ராஜா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அதற்கப்புறம் ஊர்வலத்தில் அந்தக் குடையின்கீழ் போகையில் அவர் தலைக்கு மேலே பார்த்ததே இல்லை. ஆனால் தெருவில் யாராவது இருமினால் போதும், யானையை நிறுத்தச் சொல்லி, "யார் அது? எங்கே வேலை பார்க்கிறாய்?" என்று கேட்காமல் நகர மாட்டார்.