மக்ரூன் சுடும் சூனியக்காரியும் கொர்னேலியுஸ் மாமாவின் ஒற்றைச் செருப்பும்

உங்களுக்கு ஒரு சிரிப்பு தரப்போகிறேன். ஆனால் இப்போது இல்லை. தூத்துக்குடி மக்ரூனை வாயில் போட்டதும் கடிக்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் அதை நாக்கில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பான். அதுவாகக் கரையும். கரைந்து முடிகிற இடத்தில்தான் முந்திரி ருசி வரும். என் சிரிப்பும் அந்த மாதிரிதான். நாக்கில் வைத்துக்கொண்டு பேசாமல் வாருங்கள். கடிக்கக் கூடாது.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் காலையில் எங்கள் தெருமுனை பேக்கரி அண்ணாச்சி கதவை ஒரு சாண் தூக்கி, தலையை மட்டும் வெளியே நீட்டினார். பிறந்ததிலிருந்து ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி மூக்கால் பேசுவார். (அவரை மாதிரி நான் பேசினால் அவர் பெண்டாட்டியே சோறு போட்டுவிடுவாள்.) "முட்டை வரத்து இல்ல. மக்ரூன் இன்னைக்கு ஒரே தட்டு, ஒரு கிலோதான் தேறும். ஆளுக்கு அரைக் கிலோ, மொத ரெண்டு பேருக்கு. அப்புறம் என்னைய யாரும் ஏசப்படாது." டமால். கதவு இறங்கிவிட்டது.

எங்கள் ஊர் வெயிலில் வரிசையில் மனிதன் நிற்க மாட்டான். பொருளை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய்விடுவான். அன்றைய வரிசையில் முதலில் நின்றது கொர்னேலியுஸ் மாமாவின் செருப்பு. ஒற்றைச் செருப்பு. ஜோடி அவர் காலில் இருந்தது. அதற்கடுத்து உப்பு லாரி இசக்கி அண்ணாச்சியின் காலிச் சாக்கு. அதற்கடுத்து மீன்கார ரத்தினம் சித்தியின் வயர் கூடை. கடைசியில் நான். பொருளாக இல்லை, ஆளாக. வெயிலில். மற்ற மூன்று பேரும் எதிரே பூவரச மரத்தடியில்.

நானும் பொருள்தான் வைத்திருந்தேன். செருப்புக்கு அடுத்து, இரண்டாவது இடத்தில், ஒரு கொய்யாக்காய். அதை ஆடு தின்றுவிட்டது.

கொர்னேலியுஸ் மாமா துறைமுகத்தில் சரக்கு எண்ணி ஓய்வு பெற்றவர். தெருவில் எந்த வரிசைக்கும் சட்டம் அவர் வாயிலிருந்துதான் வரும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "பொருள் நின்னா ஆள் நின்ன மாரி. பொருள் போனா ஆள் போன மாரி. ஆடு தின்னா என்ன, அரசாங்கம் தின்னா என்ன? கடைசிக்குப் போ ட்டீ."

"மாமா, ஆடுன்னு நீங்களே பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். அதுக்கு? ஆட்டைப் போயி நிக்கச் சொல்லு."

மரத்தடியே சிரித்தது. இது நான் சொன்ன சிரிப்பு இல்லை. இது அவர்கள் சிரிப்பு. என் சிரிப்பு இன்னும் கரையவில்லை.

எனக்கு மக்ரூன் இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஜெசிந்தா அக்காவைப் பெண் பார்க்க சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து வருகிறார்கள். போனிலேயே அம்மா வாயை விட்டுவிட்டாள், "எங்கூரு மக்ரூன் எடுத்து வச்சிருக்கோம், வாங்க" என்று. என்னிடம் சொன்னது வேறு: "மக்ரூன் இல்லாம வாசல்ல கால் வச்சே, தட்டுல உன்னைய வச்சு நீட்டிருவேன்." கொர்னேலியுஸ் மாமாவுக்கு எதற்கு மக்ரூன்? சென்னையில் இருக்கிற மகனுக்குப் பார்சல் அனுப்ப. நாளைக்கு வாங்கினாலும் அந்தப் பார்சல் சென்னைக்குத்தான் போகும்.

அந்த நேரத்தில் கதவிடுக்கு வழியாக மணம் வந்தது. சீனியும் முந்திரியும் மெதுவாகக் காய்கிற மணம்.

"என்னா மணம்! சுடுத ஆளுக்குக் கைராசிதான்," என்றார் இசக்கி அண்ணாச்சி.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கைராசியா? அவ சூனியக்காரி அண்ணாச்சி."

"யாரு?"

"உள்ள சுடுதவ. ஃபிலோமி. என் வயசுதான். உங்களுக்குத் தெரியாதா? நான்தான தெனம் பின்வாசல் வழியா போயி அவளுக்கு முட்டை உடைச்சுக் குடுக்கேன்."

"ரீலு," என்றார் மாமா. "ஜெபமணில்லா சுடுதான்."

"ஜெபமணி அண்ணன் அடுப்புக்குக் காவல் மாமா. சுடுதது அவ. சரி, நீங்களே சொல்லுங்க, மக்ரூன் ஏன் கூம்பா இருக்கு?"

"பிழிஞ்சு வச்சா அப்படித்தான் இருக்கும்."

"அதான் இல்ல! வெள்ளைக்கருவை அவ அடிக்கிற அடியில அது காத்தை விட லேசாயிரும். தட்டுல வச்ச ஒடனே மேல போகப் பாக்கும். அவ ஒவ்வொண்ணு மண்டையிலயும் விரலால அமுக்கி, 'உக்காரு சனியனே, உக்காரு'ங்கா." இதை அவள் குரலில் சொன்னேன், எலி இருமினால் எப்படியோ அப்படி. "அமுக்கியும் கேக்காம எட்டிப் பாக்குதுல்லா, அந்த எட்டிப் பாக்குத தலைதான் கூம்பு. போன வருசம் ஒருத்தரு வெறும் வயித்துல அரைக் கிலோ தின்னுட்டாரு. மனுசன் பேக்கரி வாசல்ல இருந்து கெளம்பி, மாதா கோயில் மணியில ஒரு கையி, லைட் ஹவுஸ்ல ஒரு கையின்னு பிடிச்சுப் பிடிச்சு கடலுக்கு மேல போயிட்டாரு. சாளை வலையை மேல வீசில்லா இறக்குனாங்க! வலைல அவரோட சேந்து ரெண்டு கொக்கு."

"கொக்கு என்ன ஆச்சு?" என்றார் இசக்கி அண்ணாச்சி. அந்த மனிதருக்குச் சந்தேகம் என்றால் என்னவென்றே தெரியாது.

"ஏலத்துல போச்சு."

ரத்தினம் சித்தி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னையே பார்த்தாள். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "சரிட்டி டெல்பினா. பறக்கட்டும். இதுல சூனியம் என்ன இருக்கு?"

"சொல்லுதேன் சித்தி. வெறும் முட்டையும் சீனியும் போட்டா வெறும் மிட்டாய்தான வரும்? அவ மனுசங்ககிட்ட இருந்து ஒண்ணை எடுத்துக் கலப்பா. ஆளு பக்கத்துல இருந்தா எடுக்க முடியாது. ஆளில்லாமக் கெடக்கிற பொருள்ல இருந்துதான் உறிஞ்சுவா. இப்படி, கதவிடுக்கு வழியா, ஸ்ஸ்ஸ்..." நான் உறிஞ்சிய சத்தத்தில் கடைத்திண்டில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது. "மீன்காரி கூடையா இருந்தா அதுல இருந்து தொண்டையை எடுப்பா. ஒரு தடவ அப்படித்தான் எடுத்துச் சுட்டுட்டா. வாங்கிட்டுப் போனது யாரு? கான்வென்ட் சிஸ்டர்மாரு. சாயங்கால ஜெபத்துல மதர் வாயைத் தொறக்காக: 'சீலா! சீலா! துடிக்குது பாரு சீலா! வா தாயி, செவுளைப் பாத்து வாங்கு!' எல்லா சிஸ்டரும் சேந்து: 'வஞ்சிரம்! வஞ்சிரம்!' பிஷப் வந்துதான் நிப்பாட்டுனாரு. அவரும் ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனதாப் பேச்சு."

சித்திக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. இருமி முடித்து, வாயைத் துடைத்து, ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். மீன்காரி மூளை என்பது சும்மா இல்லை.

"ஏ ஆத்தீ," என்றாள். குரல் திடீரென்று கரகரத்தது. "அதான் காலைல இருந்து எனக்குத் தொண்டை கட்டிக்கெடக்கா!"

விறுவிறுவென்று வந்தாள், கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள், எனக்குப் பின்னால் ஆளாகவே நின்றுகொண்டாள்.

மாமா மரத்தடியிலிருந்து விரலை நீட்டினார். "ரத்தினம்! பொருளை எடுத்தா எடம் போச்சு. எடுத்தது எடுத்ததுதான். சட்டம்னா சட்டம்!"

"போனாப் போகுது அண்ணே. தொண்டை இல்லாம நான் எப்படி மீன் விக்க?" என்றாள் சித்தி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அவள் தோள் குலுங்குவது என் முதுகில் தெரிந்தது.

இசக்கி அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஏம்மா... சாக்குல இருந்து என்ன எடுப்பா?"

"என்ன சாக்கு அண்ணாச்சி?"

"உப்புச் சாக்குதான். லாரில தலைக்கு வச்சுப் படுப்பேன்."

நான் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டினேன். கரையட்டும் என்று விட்டேன்.

"சொல்லுமா!"

"தூக்கத்தை எடுப்பா அண்ணாச்சி. லாரிக்காரர் தூக்கம்னா சும்மாவா? கெட்டித் தூக்கம். எட்டையபுரத்துல ஒரு கல்யாணத்துக்கு அந்த மக்ரூன் போச்சு. பந்தி முழுக்க இலையில சாஞ்சுட்டு. மாப்பிள்ளை தாலியைக் கையில வச்சுக்கிட்டே கொறட்டை. நாயனக்காரர் தூக்கத்துல ஊதுதாரு, பீப்பீ... ஹ்ஹோர்ர்ர்... பீப்பீ... ஹ்ஹோர்ர்ர்... தவில்காரர் மண்டை தவில்லயே முட்டி முட்டி, அதுதான் கெட்டிமேளம். எந்திரிச்சுப் பாத்தா பொண்ணுக்குப் பிள்ளையே பெறந்து பள்ளிக்கூடம் போகுது."

"எப்படிட்டி பெறக்கும், எல்லாரும் தூங்கும்போது?" என்று பாய்ந்தார் மாமா.

"அதான் மாமா சூனியம். அண்ணாச்சி, நேத்து ஒழுங்காத் தூங்குனீங்களா?"

இசக்கி அண்ணாச்சியின் முகம் உப்பாக வெளுத்துவிட்டது. "இல்லையே... கொசுன்னுல்லா நெனச்சேன்!"

"பாத்துக்கோங்க."

அவர் ஓடிவந்து சாக்கை எடுத்து உதறி, பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "எனக்கு மக்ரூனே வேண்டாம் சாமி. நான் வீட்டுக்காரிக்கு மிச்சர் வாங்கிட்டுப் போறேன்." மரத்தடிக்கே திரும்பிப் போய் சாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எடுத்தது எடுத்ததுதான்!" என்று மாமா தொடையில் தட்டினார். அவருக்கு ஒரே குஷி. "கோட்டிக்காரப் பயலுவ. ஒரு சின்னப் புள்ள விடுத புளுகுக்கு எடத்தை விட்டுட்டானுவ. நான் ஹார்பர்ல எத்தனை நாட்டுக் கப்பல்காரன் புளுகைக் கேட்டவன்!"

இப்போது வரிசையில் ஒரு செருப்பு. அதற்குப் பின் நான். பின்னால் சித்தி. இரண்டாவது ஆள் நான், எனக்கு அரைக் கிலோ அப்போதே உறுதி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னைக் கடைசிக்கு அனுப்பியது ஆடு இல்லையே.

"நீங்க நம்பாதீங்க மாமா," என்றேன். "படிச்சவுக நம்ப வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். முட்டி எப்படி இருக்கு?"

"முட்டிக்கென்ன?"

"வலிக்கா?"

"வயசானா வலிக்கத்தான் செய்யும்."

"எந்தக் கால்? செருப்பில்லாத காலா?"

மாமா அந்தக் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"செருப்புல இருந்து அவ நடையை எடுப்பா," என்று சித்தியிடம் சொன்னேன், மாமாவிடம் சொல்லவே இல்லை. "பழைய ஹார்பர் செருப்புன்னா அவளுக்கு உசிரு. அதுல ஊறிப்போன நடை இருக்கும்லா? காலைச் சங்கு ஊதுனா தானா ஹார்பர் கேட்டுக்குப் போற நடை. அதைச் சுட்டு எங்கயாவது அனுப்பிட்டா... சும்மா ஒரு பேச்சுக்கு, சென்னைக்குன்னு வைங்க. அங்க ஏசி ரூம்ல ஒரு பையன். கம்ப்யூட்டர் முன்னால. ஒரு மக்ரூன் வாயில போடுதான். பூஊஊஊம்!" துறைமுகச் சங்கு மாதிரி ஊதினேன். மாமாவுக்கு உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது, பழக்க தோஷம். "எந்திரிச்சுட்டான்! கால் கேக்கல. தாம்பரம், விழுப்புரம், திருச்சி, மதுரைன்னு நடக்கான், இங்க ஹார்பர் கேட்டுல வந்து நின்னு சல்யூட் வைக்கான். மேனேஜர் போன் பண்ணா, 'சார், மூட்டை எண்ணிட்டு இருக்கேன்'ங்கான். வேலை போச்சு. பொண்ணு குடுக்கதா இருந்தவுக, 'மாப்பிள்ளை நிக்க மாட்டேங்காரே'ன்னு போயிட்டாக."

"இங்க ஒருத்தருக்கு அப்படி ஆச்சுல்லா?" என்றாள் சித்தி கரகரத்த குரலில்.

"ஆச்சு சித்தி. அப்பன்காரன் கடைசி வரைக்கும் நம்பல."

மரத்தடியில் பூவரச இலை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. மாமா எழுந்தார். வானத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். ஒரு கால் சரட்டென்றும் ஒரு கால் சத்தமில்லாமலும் நடந்துவந்தார்.

"தார் உருகுது. செருப்பு ஒட்டிக்கிட்டா வீணாப் போயிரும்," என்றார். "பயந்து எடுக்கேன்னு நெனைக்காத."

"சேச்சே," என்றேன்.

மாட்டிக்கொண்டார். நிழலுக்குத் திரும்பிப் போனார், இப்போது இரண்டு காலும் சரட், சரட்.

கதவு முழுசாக மேலே ஏறியது. முதலில் வந்தது ஜெபமணி அண்ணனின் மீசை. அப்புறம் வயிறு. அப்புறம் மாவு படிந்த பனியன். அப்புறம் தட்டு. கடை அண்ணாச்சி தராசை இழுத்து வைத்து மூக்கால் கூப்பிட்டார்: "மொத ஆளு யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

அரைக் கிலோ எனக்கு. அரைக் கிலோ ரத்தினம் சித்திக்கு. தட்டில் இரண்டு தூள்.

மாமா அதைக் கவனிக்கவே இல்லை. வாசல் வரை வந்து, ஜெபமணி அண்ணனின் தோளுக்கு மேலாக எக்கி எக்கி அடுப்பு அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கல அந்தப் புள்ள? சூனியக்காரி?"

"எந்தப் புள்ள?" என்றார் ஜெபமணி அண்ணன். "உள்ள நானும் அடுப்பும்தான்."

"நான் அப்பவே சொன்னேன், ரீலுன்னு!" மாமா வெற்றியோடு திரும்பினார். "சரி, என் அரைக் கிலோவை நிறு."

"முடிஞ்சு போச்சே சார்," என்றார் கடை அண்ணாச்சி.

"எப்படி முடியும்? நான்லா மொத ஆளு! கருக்கல்ல இருந்து என் செருப்பு இங்கன நிக்கி!"

"எங்க நிக்கி?" என்று அண்ணாச்சி தராசைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

மாமா விரலை நீட்டினார். விரல் காட்டிய இடத்தில் வெறும் தார். அதில் செருப்பு அளவுக்கு ஒரு வெளுப்பு, அதன் மேல் ஒரு எறும்பு. மாமா இந்தப் பக்கம் இரண்டடி தேடினார். சரட், சரட். அந்தப் பக்கம் இரண்டடி தேடினார். சரட், சரட். நின்றார். ஒரு காலை மட்டும் மெதுவாகத் தூக்கி வைத்துப் பார்த்தார். சரட். அடுத்த காலையும் தூக்கி வைத்தார்.

சரட்.

குனிந்து காலைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னால் பேச முடியாது. என் நாக்கில் ஒரு மக்ரூன், அப்போதுதான் முந்திரிக்கு வந்திருந்தது.

"ஏ... சூனியக்காரீ!" என்றார் மாமா.