ஏகாம்பரத்தின் தோளில் ஏறிய மலைப்பாம்பு

உண்ணாமுலையம்மாவுக்கு அப்போது நாற்பது வயது. அவருடைய சீடர்களில் மூத்தவரான ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. குருவைவிடச் சீடர் இருபத்திரண்டு வயது பெரியவர் என்பதில் ஊருக்குத்தான் சிரிப்பு. அவர்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

ஒரு மார்கழிக் காலையில் ஏகாம்பரம் மடத்துக்கு வந்தார். வணங்கினார். வழக்கம்போல உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"அம்மா, ஒரு மலைப்பாம்பு விலைக்கு வருது. வாங்கலாமா?"

அம்மா சிரிக்கவில்லை. ஊர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்திருந்தது. நெல் வியாபாரி எலிக்காகப் பூனை வளர்ப்பதைக் கண்டிருக்கிறோம், இது என்ன கூத்து என்றார்கள். பாம்புக்குப் பால் வார்த்தாலும் விஷத்தைத்தான் கக்கும் என்று அடுத்த தெருவில் குடியிருக்கும் ஏகாம்பரத்தின் மகன் வந்து சொல்லியிருக்கிறான். மலைப்பாம்புக்கு விஷமே கிடையாது, உன் வாயில்தான் இருக்கிறது என்று இவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

விற்பவர் மஸ்தான் பாய். சந்தைக்குச் சந்தை கூடாரம் அடித்து விலங்குகளைக் காட்டிப் பிழைத்தவர். முழங்கால் தேய்ந்துபோனதால் தொழிலை விடுகிறார். குரங்கும் கிளிகளும் கைமாறிவிட்டன. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

எதற்கு இந்த ஆசை என்று அம்மா கேட்டார். ஏகாம்பரம் அதன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். எட்டு முழ நீளம், கால் மூட்டை நெல் கனம். மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், அதற்காக யாரிடமும் கோபித்துக்கொள்ளாது. பொறுமை படிக்க அதைப்போல ஒரு வாத்தியார் கிடைக்கமாட்டார் என்றார்.

"அது மட்டும் இல்லம்மா. அது என்னைத் தெரிஞ்சு வச்சிருக்கு. நாலு நாளா போறேன். நான் உக்காந்ததும் வந்து தோள்ல ஏறிக்குது. கழுத்துல தலைய வச்சிக்கினு அசையாம கெடக்குது. வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என்னை யாரும் தொட்டதில்லம்மா."

அம்மா எழுந்தார்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

கூடாரத்துக்குள் பனி இன்னும் விலகவில்லை. சாக்கு விரிப்பின்மேல் பாம்பு சுருண்டு கிடந்தது. அம்மா அதன் எதிரே குந்தி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கறுப்புக் கரை. கை இல்லை, கால் இல்லை, காது இல்லை. இல்லாத எதற்காகவும் அது வருந்துவதாகத் தெரியவில்லை.

"கண்ணாடி பாக்கப் போறதில்ல. இதுக்குப் போய் இவ்ளோ அழகு," என்றார் அம்மா. அந்தக் குரலில் நிஜமான வியப்பு இருந்தது.

ஏகாம்பரம் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாம்பு நாக்கை நீட்டியது. மெல்ல அவிழ்ந்து வந்தது. மடியில் ஏறி, முதுகைச் சுற்றி, தோளில் படிந்து, அவர் கழுத்தில் தலையை வைத்தது. சொன்னது சொன்னபடியே நடந்தது.

"பாத்தீங்களாம்மா?"

அவர் கண் கலங்கியிருந்தது. மஸ்தான் பாய் வேறு பக்கம் திரும்பிக் கூடாரக் கயிற்றைச் சரிசெய்தார். விற்கிறவர் வாய் திறக்கக்கூடாத இடம் அது.

பாயிடம் அம்மா ஒரு பானை வெந்நீர் கேட்டார். பாய் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். வந்த பானையைச் சாக்கில் சுற்றி, ஏகாம்பரத்துக்கு இரண்டு முழம் தள்ளி வைத்தார் அம்மா.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழுத்திலிருந்து தலை எழுந்தது. நாக்கு இரண்டு தடவை வெளியே வந்தது. பாம்பு தோளை விட்டு இறங்கியது. ஏகாம்பரம் அதன் வால்பக்கம் கையை வைத்தார். கைக்கு அடியிலேயே அது நழுவிப் போயிற்று. பானையைச் சுற்றிக்கொண்டு மூடியின்மேல் தலையைச் சாய்த்தது. அவர் கழுத்தில் எப்படிச் சாய்த்ததோ அப்படியே.

அதன் உடம்பு இருந்த இடமெல்லாம் ஏகாம்பரத்துக்குக் குளிர்ந்தது. கீழே கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அப்ப நானும் ஒரு பானைதான்," என்றார்.

மஸ்தான் பாய் இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல வந்து உட்கார்ந்தார்.

"பனிக்காலம்யா. அதுக்கு ஒடம்புல சொந்தச் சூடு கெடையாது. எங்க சூடு இருக்குதோ அங்க போவும். இருவது வருஷம் எங்கூட இருக்குது. அதுக்கு உன்னத் தெரியுமான்னு எங்க வீட்டுல கேப்பாங்க. தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

ஏகாம்பரம் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"உக்காருங்க," என்றார் அம்மா.

வாங்க வேண்டாம் என்கிறீர்களா என்று அவர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார் அம்மா. வெளியே சந்தைக்கு வண்டிகள் போயின. இரண்டு மூன்று நாழிகை கழிந்திருக்கும். பானை ஆறிவிட்டது.

பாம்பு தலையைத் தூக்கியது. காற்றை நக்கிப் பார்த்தது. பானையை விட்டு அவிழ்ந்து, வந்த வழியே திரும்பியது. அங்கிருந்த மூன்று பேரில் அதற்குக் கிட்டத்தில் இருந்தவர் ஏகாம்பரம். அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ணட்டும்?"

"எதுக்கு வருதுன்னு இப்பத் தெரியும் இல்ல?"

"தெரியுது."

"நாலு நாளா தெரியாம தோள் குடுத்தீங்க. தெரிஞ்சும் குடுக்க முடியும்னா வாங்குங்க."

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் அது வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால்களை நீட்டினார். போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றி அப்பால் வைத்தார்.