துபாஷி சொல்லாத அர்த்தம்

நாகப்பட்டினத்தில் கும்பினியாரின் கொடி பறந்த காலம் அது. துறைமுகத்தில் இன்னாசிமுத்து என்றொரு துபாஷி இருந்தார். வெள்ளைக்காரர் பேசுவதைத் தமிழிலும், நம்மவர் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்வது அவர் தொழில். வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவரிடம் பாஷை கற்க வந்த அம்பலவாணன் செட்டியாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

செட்டியார் ஒரு காலத்தில் பினாங்குக்குத் துணி அனுப்பியவர். சொந்தக் கப்பல் வைத்திருந்தவர். போன ஐப்பசிப் புயலில் அந்தக் கப்பல் உடைந்தது. துணியெல்லாம் கடலோடு போயிற்று. வீடும் தோப்பும் கைமாறின. மிஞ்சியது பேசுகிற வாய் ஒன்றுதான். அதை வைத்துப் பிழைக்கலாம் என்று இன்னாசிமுத்துவிடம் வந்து சேர்ந்தார்.

குரு சின்னவர் என்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார். வேறொரு கூச்சம் இருந்தது. ஊர் அவரை ராசியில்லாத ஆள் என்று சொல்லத் தொடங்கியிருந்தது.

அன்று காலை இருவரும் கரையில் நின்றிருந்தார்கள். ஒரு தோணி புறப்படத் தயாராக இருந்தது. அதை ஓட்டும் தண்டேல் செட்டியாரிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க செட்டியாரே. பாய் விரிக்கிற நேரம். கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கிட்டா..."

செட்டியார் இரண்டடி பின்வாங்கினார். மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றார். தோணி கண்ணுக்கு மறையும் வரைக்கும் வெளியே வரவில்லை.

இன்னாசிமுத்து மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, ராசி, அதிர்ஷ்டம்னு சொல்றோமே, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"பார்ச்சூன்."

"சொத்து சுகத்துக்கு?"

"நிறைய இருந்தா அதையும் பார்ச்சூன்னு சொல்லுவாங்க."

"அதே சொல்லா?"

"அதே சொல்தான்."

செட்டியார் மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டார்.

"அப்போ சொத்து போனவனுக்கு ராசியும் போச்சுன்னு அவங்க பாஷையிலேயே இருக்கு. பாவம், அந்தத் தண்டேல் மேல போய் நான் கோவப்பட்டேன்."

இன்னாசிமுத்து பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சேவகன் ஒருவன் ஓடிவந்தான். காலையில் வந்து நங்கூரம் போட்ட கப்பலின் கப்பித்தான் கூப்பிடுகிறாராம். நாகூரில் சைனம்பு உம்மா வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

சைனம்பு உம்மாவை அந்தக் கரையில் அறியாதவர் இல்லை. புருஷன் போன பிறகு மரைக்காயர் வீட்டுக் கப்பல் தொழிலைத் திரைக்குப் பின்னால் இருந்தபடியே நடத்தியவர். ஒரே மகன் செய்யது தம்பி. அந்த வருஷம் கப்பலோடு அவனும் போயிருந்தான். திரும்ப வேண்டிய காலம் கடந்து ரொம்ப நாளாயிற்று.

இன்னாசிமுத்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"வாங்க செட்டியாரே. இன்னிக்கு நீங்க பேசுங்க."

"நானா? ராசியில்லாதவனை அந்த வீட்டுக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

"பேசத் தெரிஞ்சவரைக் கூட்டிட்டுப் போறேன். நான் பக்கத்துலதான் நிப்பேன்."

மாட்டுவண்டியில் போகும்போது கப்பித்தான் வாயே திறக்கவில்லை. நரைத்த தாடிக்காரர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடல் பக்கமே பார்த்திருந்தார். செட்டியார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கூடத்தில் பச்சைத் திரை தொங்கியது. அதன் பின்னால் உம்மா இருந்தார். உருவம் தெரியவில்லை. கை தஸ்பீஹ் ஜெபமாலையின் மணியை உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கப்பித்தான் நின்றபடியே பேச ஆரம்பித்தார். பெரிய மனுஷர் வீட்டில் பேசுகிற மாதிரி, நிதானமாக, வரிசையாக. எந்த நாள் உம்மாவின் கப்பலைப் புயல் பிடித்தது, பாய்மரம் எப்படி முறிந்தது. செட்டியாருக்குப் பாதி புரிந்தது. பாதி புரியவில்லை. காலையில் கற்ற சொல் நடுவில் வந்து விழுந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டின் பார்ச்சூன் போய்விட்டது என்றார் கப்பித்தான்.

செட்டியார் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"உம்மா, உங்க வீட்டு அதிர்ஷ்டம் போயிடுச்சுன்னு சொல்றார்."

மணி உருளும் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னால் ஏதோ தரையில் சரிந்தது. உம்மாவின் குரல் வரவில்லை. வேறொரு பெண் "அல்லாஹ்" என்று கத்தினாள்.

கப்பித்தான் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்கினார். இன்னாசிமுத்து குறுக்கே புகுந்தார். துபாஷி கப்பித்தானை மறித்துப் பேசுவது வழக்கமில்லை. கப்பித்தானின் முகம் சிவந்தது. இன்னாசிமுத்து அதைச் சட்டை செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். கப்பித்தான் ஒரு சொல்லில் பதில் சொன்னார்.

"உம்மா, மகன் உசுரோட இருக்கார்!" என்றார் இன்னாசிமுத்து திரையைப் பார்த்து.

திரை அசைந்தது. பிறகு அழுகை கேட்டது. பெரிய அழுகை. அது எந்த அழுகை என்று கப்பித்தானுக்கும் புரிந்தது. அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு அவர் சின்னச் சின்னதாகச் சொன்னார். செய்யது தம்பியும் மற்றவர்களும் சின்னப் படகில் ஏறித் தப்பினார்கள். கப்பித்தானின் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. தம்பிக்குக் கால் முறிந்திருக்கிறது. மச்சிலிப்பட்டினத்தில் வைத்தியம் நடக்கிறது. கால் கூடியதும் வருவான். அந்தப் படகு அவர் கண்ணில் பட்டது பார்ச்சூன் என்று சொல்லிக் கையை மேலே காட்டினார்.

இன்னாசிமுத்து செட்டியாரைப் பார்த்தார். செட்டியார் திரையையும் கப்பித்தானையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னாசிமுத்து காத்திருந்தார். தானாகச் சொல்லவில்லை.

"அவங்க படகு... இவர் கண்ணுல பட்டது ஆண்டவன் கருணைங்கிறார், உம்மா," என்றார் செட்டியார்.

"எல்லாரும் தப்பிச்சாங்களா?" உம்மாவின் குரல் உடைந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

கப்பித்தான் தப்பாத இரண்டு பேரின் பெயர்களைச் சொன்னார். அவர் வாயில் அந்தப் பெயர்கள் உருக்குலைந்திருந்தன. உம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது.

"பக்கிரி... மாசிலா..." என்றார் உம்மா. பக்கத்திலிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். "சபுறா, அவங்க வீட்டுக்கு நானே போறேன். நம்ம வீட்டுச் சந்தோஷம் தெருவுக்குப் போய்ச் சேரக்கூடாது, நான் அங்க போற வரைக்கும். யாரும் வாயைத் திறக்காதீங்க."

சரக்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்து கப்பித்தான் வாசலுக்கு நகர்ந்தார். செட்டியார் அவருக்கு முன்னால் போய்விடப் பார்த்தார்.

"தம்பி," என்று உம்மா இன்னாசிமுத்துவைக் கூப்பிட்டார். "முதல்ல பேசினவங்க யாரு?"

"அம்பலவாணன் செட்டியார், உம்மா."

"துணிக் கப்பல் போச்சே, அந்தச் செட்டியாரா?"

செட்டியார் வாசற்படியில் நின்றுவிட்டார். அடுத்து வரப்போகிற பேச்சு அவருக்குப் பழக்கமானது. எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா உம்மா, நான்தான். தெரியாம அப்படிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கணும்."

"அது கிடக்கட்டும். உங்க கப்பல்ல போன ஆளுங்க என்ன ஆனாங்க?"

செட்டியார் கண்ணைத் திறந்தார். கப்பல் உடைந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"வந்துட்டாங்க உம்மா. நக்கவாரத் தீவுல கரை ஏறி, வேற தோணி பிடிச்சு வந்துட்டாங்க."

"எத்தனை பேர் போயிட்டாங்க?"

"யாரும் போகலை."

"எல்லாருமா வந்தாங்க?"

"எல்லாரும்."

திரைக்குப் பின்னால் மணி மறுபடி உருண்டது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் உம்மா. தன் மகனுக்காக அழுத அதே குரலில், முகம் தெரியாத அந்த ஆட்களுக்காகச் சொன்னார். பிறகு திரும்பி வராத தன் இரண்டு ஆட்களுக்காக மறுபடி அழத் தொடங்கினார்.

கப்பித்தான் வண்டியில் போனார். செட்டியார் நடந்து வருகிறேன் என்றார். இன்னாசிமுத்துவும் அவரோடு சேர்ந்துகொண்டார். கடலோரமாகவே இருவரும் நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது.

வெகுதூரம் வந்த பிறகு செட்டியார் பேசினார்.

"ரெண்டு அர்த்தம் சொல்லிக் குடுத்தீங்க. அவர் சொன்னது சொத்தை. நான் தப்பானதை எடுத்து அந்தம்மா தலையில போட்டுட்டேன்."

"என் தப்பும் இருக்கு. வண்டியிலேயே கப்பித்தான்கிட்ட நான் கேட்டிருக்கணும், பிள்ளை இருக்கானான்னு."

"எந்த இடத்துல எந்த அர்த்தம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"யார் கேக்கறாங்க, எதுக்காகக் காத்திருக்காங்கன்னு பார்க்கணும். நான் அப்படித்தான் பார்க்கிறேன். எனக்கும் சில நேரம் தப்பும்."

செட்டியார் நின்றார். ஈர மணலில் அவர் பாதம் மெல்லப் புதைந்தது.

"கேக்கறது நானா இருந்தா? என் வீட்டுக்கு அந்தச் சொல் வந்தா அதுக்கு என்ன அர்த்தம் சொல்லுவீங்க, வாத்தியாரே?"

இன்னாசிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். ஒதுங்கிக் கிடந்த ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். செட்டியாரும் உட்கார்ந்தார்.

"உங்க கப்பல்ல போனவங்க பேரைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"தண்டேல் காதர் மீரான். அவன் மச்சான் உதுமான். சுக்கான் பிடிக்கிற வேலாயுதம். சூசை. சூசையோட மூத்த மவன், அவனுக்கு அதுதான் முதல் தடவை. போகும்போது அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு..."

செட்டியாரின் குரல் நின்றது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அந்த ஒரு வருஷத்தில் அவர் அழுததே இல்லை.

அலை வந்து கட்டுமரத்தைத் தொட்டுத் திரும்பியது. இன்னாசிமுத்து பொறுத்திருந்தார். பிறகு செட்டியாரின் முழங்காலில் கை வைத்துச் சொன்னார்:

"மெதுவாவே சொல்லுங்க, செட்டியாரே. ஒருத்தரையும் விட்டுடாதீங்க."