ஆள் பார்த்துக் குத்துன பயில்வான்

முன்னொரு காலத்துல ஆவாரங்குளம்னு ஒரு ஊரு, அந்த ஊரு மேலத்தெருவுல சங்கிலியாண்டின்னு ஒரு குத்துச்சண்டைப் பயில்வான். கை ரெண்டும் உலக்கை மாதிரி இருக்கும். வருசா வருசம் ராஜா முன்னால சண்டை நடக்கும், யாரு ஜெயிக்கிறானோ அவன் தெருக்காரங்க வயலுக்குத்தான் குளத்துத் தண்ணி மொதல்ல பாயும். அடுத்த வருசம் யாரோட மோதணும்னு ஜெயிச்சவனே ஆளைச் சொல்லணும், அதுதான் அங்க சட்டம்.

சங்கிலியாண்டி ஒரு தடவை ஜெயிச்சுட்டான். சட்டம் அப்படி இருந்தா அவன் சும்மா இருப்பானா? ஒரு வருசம் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவனைக் கூப்பிட்டான், ஒரே குத்து. மறு வருசம் ஒத்தைக்கண்ணு கெழவனைக் கூப்பிட்டான், ஒரே குத்து. அதுக்கும் மறு வருசம் மரத்துல இருந்து விழுந்து இடுப்பு பிடிச்சவனைக் கூப்பிட்டான், அவன் குத்து விழறதுக்கு முன்னாலயே உக்காந்துட்டான். சிரிக்காதீங்க, பாவம் அவன். இப்படியே ஏழு வருசம்.

மேலத்தெருக்காரங்க, "ஜெயிச்சவன் அவன், யாரைக் கூப்பிட்டா உங்களுக்கென்ன"ன்னாங்க. கீழத்தெருக்காரங்க, "தெம்பா நிக்கிறவனை ஜெயிச்சாத்தானே ஜெயம்"ன்னாங்க. கெணத்தடியிலயும் இதே பேச்சு, சந்தையிலயும் இதே பேச்சு, எழவு வீட்டுலயும் இதே பேச்சு. ராஜா ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, "சட்டம் சட்டம்தான்"னுட்டாரு. கீழத்தெரு வயலெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு.

அந்தக் கீழத்தெருவுல கொம்பையான்னு ஒரு கல்லொடைக்கிறவன். வருசம் தவறாம சங்கிலியாண்டிகிட்டப் போயி, "அண்ணே, இந்தத் தடவை என்னைக் கூப்பிடுங்க"ம்பான். "நீ இன்னும் தேறலடா தம்பி"ன்னு அவன் அனுப்பிருவான்.

கொம்பையா பொண்டாட்டி குருவம்மா பாத்தா. "சண்டைக்கு ஆளைச் சொல்லித் தமுக்கு அடிக்கிற வரைக்கும் மலையிலயே தங்கிக் கல்லை ஒடைங்க, ஊருக்குள்ள வராதீங்க"ன்னு புருசனை அனுப்பிட்டா. அப்புறம் வைத்தியர்கிட்டப் போயி கசாயம் கேட்டா. "யாருக்கும்மா?" "வீட்டுல ஒரு ஆளுக்கு முடியல." மறுநாள் தச்சர்கிட்ட ஊனிக்க ஒரு கம்பு கேட்டா. "யாருக்கும்மா?" "வீட்டுல ஒரு ஆளுக்கு நடக்க முடியல." அதுக்கும் மறுநாள் பக்கத்து வீட்டுல கயித்துக்கட்டில் கேட்டா. "யாருக்கும்மா?" "வீட்டுல ஒரு ஆளுக்கு எந்திரிக்கவே முடியல." ஒவ்வொரு தடவையும் தெருவே கேக்குற மாதிரி சொன்னா.

சேதி சங்கிலியாண்டி காதுக்குப் போச்சு. 'ஆஹா, இவனை அடிச்சா கீழத்தெரு வாயையும் அடைச்சுரலாம்'னு நெனச்சு, "இந்த வருசம் கொம்பையா வரட்டும்"னு தமுக்கு அடிக்கச் சொல்லிட்டான்.

சண்டையன்னிக்கு கொம்பையா ஒடம்பெல்லாம் கல்லுத்தூசியோட வந்து நின்னான். சங்கிலியாண்டி ஒரு எட்டு பின்னால வச்சான். "உனக்கு ஒடம்பு முடியலன்னாங்களே?"

"எனக்கென்ன அண்ணே. எங்க ஆத்தாளுக்குத்தான் முடியல. இப்பத் தேவலாம், காலையில கஞ்சி குடிச்சா."

சண்டை தொடங்குச்சு. ஏழு வருசமா யாரும் சங்கிலியாண்டியைத் திருப்பிக் குத்தினதில்ல, அடி எப்படி வலிக்கும்னே அவனுக்கு மறந்துபோச்சு. மொதக் குத்துல தடுமாறினான். ரெண்டாவது குத்துல மண்ணுல உக்காந்தான். மூணாவதுக்குக் கையை ஓங்கும்போதே, "போதும் தம்பி"ன்னுட்டான்.

மேலத்தெருக்காரங்க ராஜாகிட்ட ஓடி, "அந்தப் பொம்பள ஏமாத்திட்டா"ன்னாங்க. குருவம்மா சொன்னா, "நான் ஒரு பொய்யும் சொல்லலைங்க மகாராஜா. படுத்த படுக்கையா கெடக்குறவன்னு நெனச்சு எதுக்குச் சண்டைக்குக் கூப்பிட்டாருன்னு அவரைக் கேளுங்க."

ராஜா கேட்டாரு. சங்கிலியாண்டி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டான். மேலத்தெருக்காரங்க ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க.

தண்ணி கீழத்தெருவுக்குப் பாஞ்சுச்சு. ராஜா சட்டத்தை மாத்தினாரு, ஜெயிச்சவன் ஆளைச் சொல்லக் கூடாது, மோத நெனைக்கிறவங்க வரிசையில நிக்கட்டும், முன்னால நிக்கிறவனோடதான் மோதணும்னு. சங்கிலியாண்டியும் வரிசையில போயி நின்னான், எல்லாருக்கும் கடைசியில.

கொம்பையா ரெண்டு வருசம் ஜெயிச்சான், மூணாம் வருசம் ஒரு நெசவுக்காரன்கிட்டத் தோத்தான். தோத்துட்டு அவன் கையைப் புடிச்சு, "நல்லாக் குத்துறப்பா"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயி வயிறாரச் சாப்பிட்டான். எளைச்சவனாப் பாத்து அடிக்கிறது வீரம் இல்ல கண்ணுங்களா.

அவங்க வயல்ல தண்ணி பாயுது, உங்க கண்ணுல தூக்கம் பாயுது, படுங்க.