சாம்பிராணிப் புகை

நகரத்துக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு ஒரு புகைபோக்கி போதவில்லையாம். இரண்டாவது கட்ட, ஆலை வாசலிலேயே பந்தல் போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள்.

டைரக்டர் சக்ரபாணி மைக்கைப் பிடித்தவர் விடுவதாயில்லை. "எங்க புகை சாம்பிராணிப் புகை மாதிரி. குளிப்பாட்டின கைக்குழந்தைக்கே காட்டலாம்!"

அந்த வட்டாரத்தில் தெருக் கூட்டும் தேசம்மா எழுந்தாள். "எங்க தெருக் குழந்தைங்க ராவும் பகலும் இருமிக்கினே கெடக்குதுங்க, சார்."

"ஆதாரம் இருக்கா? கருவி இருக்கா? இப்பவே, இங்கேயே நிரூபி! முடியலேன்னா சம்மதப் பத்திரத்துல மொதக் கையெழுத்து நீதான் போடணும்!"

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள்.

தேசம்மா தலையைச் சொறிந்தாள். "கருவிக்கு நான் எங்க சார் போவேன்? நீங்க வந்து எறங்குனதுமே டிரைவரு உங்க புதுக் காருக்குத் தலையிலேருந்து கால்வரைக்கும் உறை மாட்டினாரே, அதக் கயட்டச் சொல்லுங்க. கூட்டம் முடியறவரைக்கும் காரு சும்மா நிக்கட்டும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை.

"டேய், கழட்டிடாதே! பெயின்ட் போயிடும்!" என்று டிரைவரைப் பார்த்து அலறினார் சக்ரபாணி. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நாலு தெருவுக்குக் கேட்டது.

கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"கையெழுத்துதானே? போட்டுடறேன் சார்," என்றாள் தேசம்மா. "அதே துணியில எங்க தெருவுக்கும் ஒரு உறை தெச்சுக் குடுங்க. அளவெடுக்க டெய்லர எப்ப அனுப்புறீங்க?"