தெளிந்த தண்ணீருக்கு எந்த இரை?

அணை கட்டியபோது ஒரு புளியந்தோப்பு நின்றபடியே தண்ணீருக்குள் போய்விட்டது. அதன் கரையில் ஒரு மடம். அங்கே பூசை கிடையாது, மணி கிடையாது. தூண்டில் மட்டும் உண்டு. மடத்துக்குத் தலைவி கோமளத்தம்மா, பரிசல்காரர் வீட்டுப் பெண். வயது நாற்பதைத் தாண்டவில்லை.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பொன்னுரங்கத்துக்கு அறுபத்தைந்து. மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். பல் போன எருதைக் காளைக்கன்று என்று விற்று, வாங்கினவனே கும்பிட்டுவிட்டுப் போகும்படி பேசுவார். பேசிப் பேசி அலுத்துப்போய், வாயை மூடக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் வந்தார். வரும்போது ஒரு தகரப்பெட்டி நிறையப் பொய்யிரை கொண்டுவந்தார். ரப்பர் மீன், ஜிகினா வால், குலுக்கினால் கலகலக்கும் தவளை.

தினமும் கேட்பது ஒரே கேள்வி.

“அம்மா, தண்ணி கண்ணாடியா இருக்கு. அடியில மரம் நிக்குது. இதுக்கு எந்த இரை போடணும்?”

“பார்த்துச் சொல்றேன், தரகரே.”

மடத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு. இரை கிளையில் மாட்டிக்கொண்டால் தூண்டில் நரம்பை அறுக்கக் கூடாது. இறங்கி எடுக்க வேண்டும். விட்டுவிட்டு வந்த முள் சும்மா இருக்காது என்பார் அம்மா.

அம்மாவிடம் இருந்தது மரத்தில் செதுக்கிய ஒரு தவளை. சேற்று நிறம், வயிற்றில் இரண்டு முள். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது என்று பொன்னுரங்கம் முடிவு கட்டி, ஒரு சாயங்காலம் கேட்காமலே எடுத்துக்கொண்டு பரிசலில் போனார். மூன்றாவது மரத்தருகே வீசினார். கிளை பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. தண்ணீரில் விரலை விட்டார், சில்லென்றிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். கத்தியை எடுத்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் தவளையைக் காணோம் என்ற பேச்சு வருவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“மூணாவது மரத்துக்கிட்ட ஒரு விரால்! மீனா அது? பரிசலையும் என்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டுத் தோப்பை மூணு சுத்து சுத்துச்சு. தண்ணி மழையா அடிக்குது. வாயைத் திறந்துச்சு பாருங்க, உள்ளே ஒரு ஆள் சம்மணம் போட்டுச் சோறு திங்கலாம். அம்மா தவளையை முழுங்கிட்டுப் போயிருச்சு.”

“அண்ணே, அந்த ஆளுக்கும் ஒரு இலை போடவா?” என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த மாடத்தி.

“கண்ணு எப்படி இருந்துச்சு?” என்றார் அம்மா.

“இளநீ அளவு.”

அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “விடிஞ்சதும் போவோம். எனக்கும் அதைப் பார்க்கணும்.”

பொன்னுரங்கம் பாதிச் சோற்றில் இலையை மடித்தார்.

காலையில் காற்றே இல்லை. தண்ணீர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு தெளிவு. பொன்னுரங்கம் துடுப்பை வேறு பக்கம் திருப்பினார்.

“மீன் அந்தக் கோடிக்குப் போச்சுங்க.”

“மூணாவது மரத்துக்குப் போங்க” என்றார் அம்மா. உதட்டில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மரத்தருகே தண்ணீரின்மேல் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுக் கூட்டம், துண்டு விரித்தாற்போல். அதன் கீழே கிளை. கிளையில் தவளை. தவளையின் இன்னொரு முள்ளில் ஒரு விரால்.

ஒரு முழம்கூட இருக்காது. மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால் விரால் செத்துப்போகும். அது எம்பி எம்பி மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டியது. கிளை திரும்பக் கீழே இழுத்தது.

அம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

“குஞ்சைத் திங்கத் தவளை வந்திருக்குன்னு தாய் பாய்ஞ்சிருக்கு” என்றார்.

பொன்னுரங்கம் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். முள்ளைக் கழற்றும்போது மீனின் உதடு பாதி கிழிந்தது. அது ஓடவில்லை. குஞ்சுகளுக்குக் கீழே போய் நின்றுகொண்டது.

அவர் ஏறாமல் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

“அறுத்தது நான்தான்.”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“மழையா தண்ணி அடிச்சுச்சுன்னீங்க. காய்ஞ்ச வேட்டியோட பந்தியில உட்கார்ந்திருந்தீங்க.”

“அப்பவே கேட்டிருக்கலாமேம்மா.”

“கதை நல்லா இருந்துச்சு.” அம்மா கையைத் தண்ணீரில் விட்டு எடுத்தார். “நானும் உட்கார்ந்து சிரிச்சேன். தவளையை விரால் முழுங்கிருச்சுன்னு நீங்க சொன்ன வார்த்தையை, இது ராத்திரி பூராவும் இங்கே காப்பாத்திக்கிட்டு நின்னிருக்கு.”

பொன்னுரங்கம் மேலே ஏறினார். தவளையை அம்மாவின் பக்கத்தில் வைத்தார். காலடியில் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. ஜிகினா வால்கள் வெயிலில் மினுங்கின. மூடினார்.

வெகுநேரம் கழித்துக் குனிந்து பார்த்தார். கிழிந்த உதட்டோடு மீன் அதே இடத்தில் நின்றது.

“அம்மா, அதுக்கு என்னைத் தெரியுதா?”

“தண்ணி தெளிவாத்தானே இருக்கு” என்றார் அம்மா.