வாசலில் சொருகிய வேப்பங்கொத்து

"மனசு ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது, சாமி," என்றான் மருதவாணன்.

"சாமியா? ஆஸ்டல்ல என் சோப்பை எடுத்துக் குளிச்சவன்தானல நீ? சொக்குன்னே கூப்பிடு," என்றார் வேம்படிச் சாமி.

பொதிகை மலை அடிவாரத்தில், பெரிய வேப்பமரம் ஒன்றைச் சுற்றிக் கட்டிய மடம் அது. இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் பொறியியல் படித்தவர்கள். ஒருவன் படிப்பு முடிந்த கையோடு சென்னைக்கு ரயில் ஏறினான். மற்றவர் எங்கெங்கோ திரிந்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை ஊர் சாமி ஆக்கிவிட்டது.

சோப்பு விவகாரம் உண்மைதான். ஆனால் மருதவாணன் கொண்டுவந்திருந்த பாரத்தை இறக்க நண்பன் போதாது, சாமிதான் வேண்டும். அதனால் அவன் அந்தச் 'சாமி'யை விடவில்லை.

"இப்ப என்ன சோலி பாக்க?"

"பக்கத்துணைன்னு ஒரு ஆப், சாமி. வீட்டு ஆளுங்க யார் எங்க இருக்காங்கன்னு போன்லயே பார்த்துக்கலாம். அதுல எது எப்படி இருக்கணும்னு முடிவு பண்றவன் நான்."

"நல்ல காரியந்தான."

"நல்ல காரியம்தான். ஆனா நிறைய பேர் இடம் காட்டுறதை ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. எண்ணிக்கை ஏன் ஏறலைன்னு மேலிடத்துல குடைஞ்சுகிட்டே இருந்தாங்க. அதனால ஒரு அப்டேட்ல எல்லாருக்கும் நாங்களே ஆன் பண்ணி விட்டோம். வேண்டாதவங்க திரும்ப ஆஃப் பண்ணிக்கலாம். அதுக்கும் வசதி வச்சிருந்தோம்."

"எங்க?"

"எது?"

"அந்த வசதி."

மருதவாணன் தொண்டையைச் செருமினான். "உள்ளே போய், கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தா இருக்கும்."

சாமி மடியில் கிடந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு," என்றான். அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து லேசில் வரவில்லை. "நம்ம ஊர்ப் பக்கத்துப் பொண்ணுதான். அடிக்கிற புருஷனை விட்டுட்டு, யாருக்கும் தெரியாம திருப்பூர்ல வேலைக்குப் போயிருக்கா. ஆஃப் பண்ணித்தான் வச்சிருக்கா. நாங்க ஆன் பண்ணின மறுநாளே அவன் அவ வாசல்ல போய் நின்னுட்டான்."

சாமியின் கை நின்றது.

"உள்ளே இருந்து கதவைத் தள்ளிப் பிடிச்சிருக்கா. அவன் இடிச்ச இடியில வலது கை முறிஞ்சுபோச்சு. அக்கம்பக்கத்து ஆளுங்க ஓடி வந்ததால உயிர் பிழைச்சா."

"அவ உன்கிட்ட ஏதும் கேட்டாளா?"

"ஒரே கேள்விதான். 'நான் ஆஃப் பண்ணி வச்சதை யாரு ஆன் பண்ணினது?' உதவி மையத்துல யாரோ இரக்கப்பட்டு என் நம்பரைக் குடுத்துட்டாங்க. தினமும் அதையே அனுப்புறா."

"நீ என்ன சொன்ன?"

மருதவாணன் போனை எடுத்து வாசித்தான். அவனே எழுதி, கம்பெனி வக்கீல்கள் இழைத்து இழைத்துக் கொடுத்த பதில் அது.

"'உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். சில பயனாளர்களின் அமைப்புகளில் எதிர்பாராத மாற்றம் ஏற்பட்டிருப்பதை அறிகிறோம். இதனால் உண்டான சிரமத்துக்கு வருந்துகிறோம்.'"

"நல்லா இருக்குல. இன்னொரு மட்டம் வாசி."

வாசித்தான். அடுப்படியிலிருந்து சமையல்காரர் தங்கப்பழம் கரண்டியோடு வெளியே வந்து காதைக் கொடுத்தார்.

"சரி," என்றார் சாமி. "யாருதான்ல ஆன் பண்ணினது?"

"அதைச் சொல்லக் கூடாது, சாமி. சொன்னா வழக்குல மாட்டிக்குவோம். என் வேலையும் போயிரும். அதுவுமில்லாம, நான் ஒருத்தனா செஞ்சேன்? ஒரு கூட்டமே உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு."

பாதி உண்மை. கூட்டம் உட்கார்ந்தது, பேசியது. ஆனால் முடிவெடுக்கிற நேரம் வந்ததும் ஆளாளுக்கு மேசையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு பெண் பொறியாளர் மட்டும், ஆஃப் பண்ணி வைத்தவர்களை அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்டார். "ஆன் பண்ணி விடுங்க, நான் பார்த்துக்கிறேன்," என்று சொன்னது மருதவாணன். அன்றைக்கு அப்படிச் சொன்னதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சாமியிடம் அதை விழுங்கிவிட்டான்.

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"கொஞ்சம் அமைதி."

"அது இங்க நிறையக் கெடக்கு," என்று எழுந்த சாமி, தாழ்ந்திருந்த கிளையிலிருந்து ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துக் கொடுத்தார்.

"போனைக் குடுத்துரணுமா, சாமி?"

"எனக்கு எதுக்கு? உன்கூடவே கெடக்கட்டும்."



அவன் தங்க ஒதுக்கிய குடிசையைக் காட்ட வந்த தங்கப்பழம், கொத்தை வாங்கி வாசல் நிலையில் சொருகப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்களே சொருகணும், அண்ணாச்சி. நான் தொடப்படாது."

"எதுக்கு இது?"

"அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகியிருந்தா யாரும் உள்ள போவாவளா? அதே கணக்குத்தான். கொத்து இருந்தா ஒருத்தரும் உங்களக் கூப்பிட மாட்டாவ. சாப்பாடு வாசல்ல இருக்கும். அடுப்படியில ஒருக்க தீப்பிடிச்சப்பகூட வெளிய நின்னுதான் கத்துனோம்."

"கொத்து இல்லைன்னா?"

"திறந்த வீடுதான். மடத்துக்கு வாரவுக எல்லாரும் உள்ள வந்து உக்காந்து பேசுவாவ."

"யாராவது எடுத்துட்டா?"

தங்கப்பழம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்படியும் ஒருவனுக்குப் புத்தி போகுமா என்கிற பார்வை.

"எவன் எடுப்பான்? அடுத்தவன் கொத்துல கை வச்சவனுக்கு மடத்துல எடமில்ல. சோறும் இல்ல. வெளிய போயிர வேண்டியதுதான்."

மருதவாணன் கொத்தைச் சொருகினான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. அருவித் தண்ணீர் எங்கோ தூரத்தில் விழுகிற சத்தம். வாசலில் மூடி வைத்த சோறு. வருகிறவர்களின் காலடிச் சத்தம் அவன் வாசல்வரை வந்து, கொத்தைப் பார்த்ததும் திரும்பிவிடும். அந்தத் திரும்புகிற சத்தம் அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் இப்படி விட்டுவைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டான்.

போன் மட்டும் தினமும் ஒருமுறை சிணுங்கும். அவன் பார்ப்பதில்லை.

ஒரு காலையில் பார்த்தான். அதே கேள்வி. கீழே புதிதாக ஒரு வரி: 'நான்தான் மறந்துபோய் ஆன் பண்ணிட்டேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு.'

மருதவாணன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு சட்டையில்லாத உடம்போடு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். கை முறிந்த செய்தி வந்தபோதுகூட அழாதவன். இப்போது மூக்கு ஒழுக, வாய் கோண, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

கதவு திறந்தது.

"வாங்க, வாங்க, இதுவும் திறந்துதான் இருக்கு!" என்று ஒரு குரல். மலைக்கு வந்த யாத்திரைக் கூட்டம் ஒன்று திபுதிபுவென்று உள்ளே நுழைந்தது. முன்னால் வந்த பெரியவர் அவனைப் பார்த்ததும் நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ பாவம், அழுதுகிட்டிருக்காரு," என்றது ஒரு குரல்.

"என்ன கஷ்டமோ!" என்றது இன்னொன்று.

மருதவாணன் துண்டைத் தேடினான். கிடைக்கவில்லை. கையால் மார்பை மறைத்துக்கொண்டு, அவர்களை விலக்கிவிட்டு வாசலுக்கு ஓடினான்.

நிலையில் கொத்து இல்லை.

உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்தின் பின்னாலேயே கோபம் வந்தது.

அடுப்படிக்குப் போனான். "என் கொத்தை எடுத்தது யாரு?"

தங்கப்பழம் சட்டியைக் கிண்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், ஒப்பிக்கிற குரலில் சொன்னார்: "உங்கள் அமைதி எங்களுக்கு மிகவும் முக்கியம், அண்ணாச்சி."

"என்னது?"

"எதிர்பாராத மாற்றம் ஏற்பட்டிருப்பதை அறிகிறோம்."

"தங்கப்பழம்! யார் எடுத்ததுன்னு கேட்டேன்!"

"கொத்து வேணும்னா திரும்பச் சொருகிக்கிடலாம். தோட்டத்துக்குள்ள போய்க் கொஞ்சம் கீழ எறங்கிப் பாத்தா இருக்கும்." இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. "உண்டான சிரமத்துக்கு வருந்துகிறோம்," என்று கடைசியாக முணுமுணுத்துவிட்டு அடுப்பை ஊதக் குனிந்துகொண்டார்.

மருதவாணனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மரத்தடிக்குப் போனான். சாமி என்ற நினைப்பெல்லாம் எப்போதோ போயிருந்தது.

"ஏலே சொக்கு! நான் வேண்டாம்னு சொருகி வச்சதை யாருல எடுத்தது?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்தது.

சாமி எழுந்து நின்றார்.

"நான்."

மழுப்பலோடு மல்லுக்கட்டத் தயாராக வந்தவன் மருதவாணன். இந்த ஒற்றைச் சொல்லை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

"நான்தான் எடுத்தேன், மருது. காலையில நீ கதவைச் சாத்தியிருந்த நேரமாப் பாத்து, இந்தக் கையாலதான் எடுத்தேன். நீ வேண்டாம்னுதான் வச்சிருக்கன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். அழுதுகிட்டிருந்தியாமே. அந்த நேரத்துல அம்புட்டு பேரு முன்னால உன்னை நிப்பாட்டுனது நான். தப்பு என் மேல."

அடுப்படி வாசலில் தங்கப்பழம் கரண்டியோடு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சாமி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். திருவோட்டை எடுத்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு, தான் கட்டிய மடத்தின் வாசலைத் தாண்டி வெளியே போய், பாதையோரத்துப் பாறையில் உட்கார்ந்தார். அங்கே நிழல் இல்லை.

"சாமி, உள்ள வாங்க!" என்று யாரோ அழைத்தார்கள்.

"எனக்கு அங்க எடமில்ல," என்றார் சாமி. குரலில் வருத்தமும் இல்லை, வீறாப்பும் இல்லை.

மருதவாணன் அவர் பின்னாலேயே ஓடினான்.

"எனக்குப் பாடம் சொல்லத்தானே செஞ்ச? அதைச் சொல்லிட்டு உள்ளே இருக்க வேண்டியதுதானே?"

"எதுக்காகன்னு நீ கேக்கல."

"தங்கப்பழம் எடுத்தார்னு சொல்லியிருக்கலாம். காத்துல விழுந்துருச்சுன்னு சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"சொல்லியிருக்கலாம்."

"பிறகு ஏன்ல சொன்ன?"

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாமி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கேட்டியேல."

கோபம் எப்போது இறங்கியது என்று மருதவாணனுக்குத் தெரியவில்லை. சொக்குவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் போலவும் இருந்தது.

இரண்டையும் செய்யாமல் பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பாறை சுட்டது. போனை எடுத்தான்.

எடுத்ததும் வக்கீல் சொன்னது ஞாபகம் வந்தது. எதையும் ஒத்துக்கொள்ளாதே, யாரிடமும் பேசாதே. சென்னையில் தன் நாற்காலி ஞாபகம் வந்தது. அந்த நாற்காலிக்காகப் பட்ட பாடு ஞாபகம் வந்தது. இசக்கியம்மாளின் எண்ணை அழுத்தினான்.

சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. எடுத்தாள்.

"ஹலோ? யாரு?"

"பக்கத்துணையில இருந்து பேசுறேம்மா."

எதிரே ஒரு பெருமூச்சு. எத்தனையோ பேரிடம் கேட்டுச் சலித்த குரலில் அவள் ஆரம்பித்தாள். "சார், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் ஆஃப் பண்ணித்தான் சார் வச்சிருந்தேன். அதை யாரு..."

"நான்தாம்மா."

"என்ன சார்?"

"நான்தான் ஆன் பண்ணச் சொன்னேன். நீங்க மறக்கல. நீங்க சரியாத்தான் ஆஃப் பண்ணி வச்சிருந்தீங்க. வேண்டாம்னு ஒருத்தங்க சொன்னாங்க, அதையும் மீறி நான்தான் சொன்னேன்."

தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. அவள் அழுகிறாளா, வைத்துவிட்டாளா என்று தெரியாமல் அவன் போனைக் காதோடு அழுத்தினான். திட்டட்டும் என்று காத்திருந்தான்.

"உங்க பேரு?" என்றாள் இசக்கியம்மாள்.

"மருதவாணன்."

"இருங்க, எழுதிக்கிடுதேன்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. எதுவோ கீழே விழுந்தது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க சார்," என்றாள். "இடது கையால எழுதுதேன்."

அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.